விளக்கெண்ணெய்ச் செட்டியார் கேட்காத வாடகை

புதுச்சேரியின் பழைய வீடுகள் காப்பாற்றப்பட்டுவிட்டதாக ஒரு செய்தி சில ஆண்டுகளாகத் தொடர்ந்து நம்மை வந்தடைந்துகொண்டிருக்கிறது. பயண இதழ்களின் வழவழப்பான பக்கங்களில் மஞ்சள் சுவரும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடியுமாக அது வருகிறது. விடுமுறைக்கு வீடு பிடித்துத் தரும் செயலிகளில் நட்சத்திரக் குறிகளோடு வருகிறது. அந்த வீடுகளில் இரண்டு இரவுகள் தங்கித் திரும்பிய நண்பர்கள் ஏதோ பதினெட்டாம் நூற்றாண்டுக்கே போய்வந்த பரவசத்துடன் பேசுகிறார்கள். அவர்களுடைய பரவசத்தைக் குலைப்பது நம் நோக்கமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தைப் பற்றித் தமிழ் இலக்கிய வாசகர்களாகிய நாம், அதிலும் பாரதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்நகரத்துக்குப் பேருந்து ஏறும் நாம், இதுவரை வாயே திறக்கவில்லை. புதுச்சேரி மாத வாடகைக்கு வீடு கொடுத்த நகரம். அது இப்போது இரவு வாடகைக்கு வீடு கொடுக்கும் நகரமாகிக்கொண்டிருக்கிறது. இதை வெறும் வணிக மாற்றம் என்று கருதுபவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இந்த நகரத்தில் எழுதப்பட்ட இலக்கியத்தின் பெரும்பகுதி வாடகை வீடுகளில் எழுதப்பட்டது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1908இல் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசு பாய்ந்தபோது பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிக் கடலூருக்கருகே கைதாகும்வரை பத்தாண்டுகள் இங்கேதான் இருந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து இறங்கினார். கோமுட்டிச் செட்டி வீதியில் கலவை சங்கர செட்டியாரின் வீட்டில் முதல் ஆறு மாதங்கள் தங்கியிருந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயர் வந்தார். வேவுகாரர்கள் தெருமுனையில் நின்ற காலம் அது. பிரெஞ்சுச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சரிதான். ஆனால் சட்டத்துக்குக் கூரை கிடையாது. மழைக்கு ஒதுங்க, அடுப்பு மூட்ட, குழந்தையைத் தூங்கவைக்க, கையெழுத்துப் பிரதியைப் பரப்பிவைக்க ஒரு வீடு வேண்டியிருந்தது. ஆங்கில அரசின் பகையைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு மனிதனுக்கு, கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, வீடு கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்டு'ம் 'குயில் பாட்டு'ம் அத்தகைய கூரைகளின் கீழ் வாழ்ந்த பத்தாண்டுகளின் விளைச்சல்.

பாரதி குடியிருந்த வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்ற பெயரிலேயே நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார். வாடகை வசூலிக்க வருவார். பாரதி பேசுவதையும் பாடுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார். பாரதியை நேரில் அறிந்தவர்கள் எழுதிவைத்த செய்தி இது. நாம் இதை வழக்கமாக ஒரு வள்ளலின் கதையாகவே வாசிக்கிறோம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கிறது. வள்ளன்மையை விட்டுவிட்டுப் பார்த்தால், அதில் இருப்பது குடித்தனக்காரனுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உருவாகும் ஓர் உறவு. பாக்கி வைப்பதற்கு அந்த உறவில் இடமிருக்கிறது. கேட்கத் தயங்குவதற்கு இடமிருக்கிறது. வந்தவர் உட்கார இடமிருக்கிறது. முன்பணம் முழுவதையும் அட்டையில் தேய்த்தபின் கதவின் எண்பூட்டு திறக்கும் வீட்டில் இதில் எதற்கும் இடமில்லை. பத்தாண்டுகள் என்பவை ஏறத்தாழ 3650 இரவுகள். இன்றைய இரவு வாடகையில் அதைப் பெருக்கிப் பார்க்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

*

இரவு வாடகைக்கு வரும் விருந்தினருக்கு வீட்டோடு சேர்த்து ஒரு கதையும் விற்கப்படுகிறது. நம் இரண்டாவது சண்டை அந்தக் கதையோடு.

வைசியாள் வீதியின் மற்றொரு பெயர் கலவை சுப்பராய செட்டி வீதி. கலவை என்பது வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர்ப்பெயர். அதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் அந்தச் செட்டியார்கள். பிரெஞ்சு எழுத்தில் அது 'கால்வே' என்றாகி, கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடும் ஏறிக்கொண்டது. இன்று அந்தப் பலகையைப் படிக்கும் பயணி, யாரோ ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் பெயர் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார். அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய கலவைக் கல்லூரியின் முன்னாலும் இதே நாடகம்தான். பெருமாள் கோயில் வீதியில் 95ஆம் எண் வீடு பாரதிதாசனுடையது; இப்போது அரசின் நினைவு இல்லம். அதே வீதியில் பழைய தமிழ் வீடு ஒன்று சீரமைக்கப்பட்டு 'மேசான் பெருமாள்' என்ற பெயரில் விடுதியானது. சீரமைப்பு நல்ல கைவேலை, அதைக் குறை சொல்ல நமக்கு ஏதுமில்லை. பெருமாளுக்கும் முன்னொட்டாக ஒரு பிரெஞ்சுச் சொல் தேவைப்பட்டதே என்பதுதான் நம் வியப்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் தமிழரைக் கவர்வதற்குத் தமிழ் வீட்டுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறதென்றால், அந்தத் தமிழரைப் பற்றியும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளை நகரம் என்றும் மேற்கே இருந்ததைக் கருப்பு நகரம் என்றும் வழங்கினார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு அசிங்கமான பெயர்கள். 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் பிரான்சு விலகியது. துப்ளே வீதி நேரு வீதியாயிற்று. 2006இல் ஊரின் பெயரே புதுச்சேரி என்று திருத்தப்பட்டது. இவ்வளவு மாற்றத்துக்கும் பிறகு கருப்பு நகரம் மட்டும் நாகரிகமாகத் 'தமிழ்ப் பகுதி' ஆகிவிட்டது. வெள்ளை நகரமோ வெள்ளை நகரமாகவே விலை போகிறது. "ஒயிட் டவுனில் தங்கினோம்" என்று பெருமையோடு சொல்லும் நண்பர்கள், நூறு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அங்கே எந்த வாசல் வழியாக, எந்த வேலைக்காக நுழைந்திருப்பார்கள் என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

சரி, அந்த வீடுகளாவது பிரெஞ்சு வீடுகளா? 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் கிழக்குப் பகுதி அதற்குப் பிறகு எழுப்பப்பட்டது. கட்டியவர்கள் இந்த ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும். சுண்ணாம்பை அரைத்தவர்கள், கடுக்காய் ஊறவைத்தவர்கள், முட்டை வெண்கரு கலந்து சுவரைக் கண்ணாடிபோல் இழைத்தவர்கள், தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்திக் கட்டைக்குத்துத் தளம் போட்டவர்கள் எல்லாரும் தமிழர்கள். பிரெஞ்சு ஒழுங்கின் சின்னமாகச் சொல்லப்படும் நேர்கோட்டு வீதிகளுக்கும் வேறு பிறப்பு உண்டு: 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடம் அது. மார்க்கெட்டுக்கு அருகே ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு நிற்கிறது. 1761க்கு முற்பட்டு எஞ்சியிருக்கும் அரிய கட்டடம். கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் முறை, மேல்தளம் செங்கல் தூண்களோடு பிரெஞ்சு முறை. இந்நகரத்தின் உண்மையான கட்டடக்கலை அந்த மாடிப்படியின் நடுவில் எங்கேயோ இருக்கிறது. விளம்பரத்துக்கு ஒத்துவராத இடம் அது. ஒற்றைச் சொல்லில் விற்க முடியாது.

பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில், அடிமைகளாக விற்பதற்காக ஆசைகாட்டிக் கொண்டுவரப்பட்டவர்களை நகரத்து வீடொன்றில் அடைத்துவைத்து, பிறகு கப்பலேற்றிய செய்தி வருகிறது. ஒரு வீடு அதற்கும் பயன்பட்டிருக்கிறது. பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பிலிருந்துதான் 'மானுடம் வெல்லு'மையும், 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படு'மையும் எழுதினார். துபாஷியின் அதிகாரமும் அச்சமும், தாசிகளின் வாழ்வும், ஒடுக்கப்பட்டவர்களின் பாடும், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் எல்லாம் அந்த உலகத்தில் இருக்கின்றன. விருந்தினர் அறையின் மேசையில் வைத்திருக்கும் வண்ண மடிப்பிதழில் இவற்றில் எதற்கும் இடமில்லை. 'பழைய காலத்தின் அமைதி' என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எந்தப் பழைய காலம்? யாருடைய அமைதி?

*

ஒரு கூட்டத்துக்காகப் போனபோது நாங்கள் நால்வர் அத்தகைய வீடொன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். பெயர் இங்கே தேவையில்லை. எந்த வீடானாலும் இதையேதான் எழுதியிருப்போம். வசதிக்குக் குறைவில்லை. முற்றம் இருந்தது, அதன்மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் குளிர்சாதனக் காற்றை அடைத்திருந்தார்கள். மழை பெய்தபோது அது கண்ணாடியில் விழும் ஓசை மட்டும் கேட்டது. அத்தங்குடி ஓடுகள் பளபளத்தன. செட்டிநாட்டுத் தரை புதுச்சேரிக்கு எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. 'மரபு' என்றால் எல்லாமே மரபு. மாலையில் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். காவலாளி ஓடிவந்தார். "உள்ளே உட்காருங்க சார், இங்க உட்கார்ந்தா மேனேஜர் திட்டுவாரு. இது சும்மா ஷோவுக்குத்தான்" என்றார். வாசல் தாழ்வாரத்துக்கு முன்னால் இடுப்பளவுக்குக் கம்பித் தடுப்பு. அதற்கு வெளியே வெயிலிலும் வண்டிகளுக்கு நடுவிலுமாக மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

புதுச்சேரித் தமிழ் வீட்டின் தனித்தன்மை அந்தத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. வீட்டுச் சுவரையொட்டித் திண்ணை. அதற்கு முன்னே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. தூணும் ஓடும் வீட்டுக்காரருடையவை. அவற்றின் நிழல் வழிப்போக்கருடையது. ஒரு வீதி முழுக்க இப்படி அடுத்தடுத்த வீடுகளின் சாய்ப்புகள் சேர்ந்து நடப்பவர்களுக்கு நீண்ட நிழல்பாதையாக அமைந்தன. நகராட்சி போட்ட நடைபாதை இல்லை அது. வீடுகள் தாமாகக் கொடுத்தது. சீரமைப்பாளர்கள் அந்தத் தூணை வெகு கவனமாகத் திரும்ப நிறுத்துகிறார்கள், ஓட்டைப் பழைய சூளையிலிருந்து தேடிப் பிடிக்கிறார்கள், பிறகு தடுப்புக் கம்பி போட்டு நிழலைச் சிறைப்படுத்துகிறார்கள்.

இதைப் படித்துவிட்டுத் திண்ணை ஏக்கம் என்று நம்மை யாரும் கேலி செய்வதற்கு முன் நாமே சொல்லிவிடுகிறோம்: திண்ணை எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை. யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று பேச வேண்டும், யார் அந்த வீதிக்குள்ளேயே வரக்கூடாது என்பதெல்லாம் சாதி தீர்மானித்தது. செட்டியார் வீதி, வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி என்ற பெயர்களே அதற்குச் சான்று. எனவே பழைய திண்ணையை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாம் வாதாடவில்லை. அந்தத் திண்ணை தன் வரலாற்றில் முதன்முறையாக யாரும் உட்காரக்கூடியதாக மாறியிருக்க வேண்டிய காலத்தில், யாருமே உட்காரக்கூடாததாக ஆகிவிட்டது என்பதுதான் நம் புகார். சாதி வைத்த தடையின் இடத்தில் இப்போது கட்டணம் வந்து நிற்கிறது. கட்டணம் செலுத்திய எங்களுக்கும் அது 'ஷோ' என்பது தனி வேடிக்கை.

*

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம். அவர்களுடைய வாதம் பலவீனமானதல்ல. விடுதியாக மாறாவிட்டால் இந்த வீடுகள் இடிந்திருக்கும், இடத்தில் ஐந்து மாடிக் கான்கிரீட் நின்றிருக்கும் என்கிறார்கள். உண்மை. இன்டாக் அமைப்பு 1990களில் பட்டியலிட்டபோது பாதுகாக்கத் தக்கவையாக ஏறத்தாழ 1800 கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. இல்லாமல் போனவற்றில் பெரும்பாலானவை வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழ் வீடுகள். பொதுச் சொத்தின் கதியும் மேலானதாக இல்லை. 1870-71இல் கட்டப்பட்ட 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. விரிசல்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்தும் அரசின் கோப்புகள் நகரவில்லை. பிறகு உலக வங்கிப் பணத்தில் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரையில் மாலை நடைக்கு வருபவர்கள் அதன்முன் நின்று 'பழைய கட்டடம்' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு இப்படியிருக்கும்போது, சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு வீட்டை நிமிர்த்தும் தனியாரைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கேள்வி நியாயமானது.

வீட்டுக்காரர்களின் நிலைமையையும் நாம் அறிவோம். தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்குப் பதினான்கு வாரிசுகள்; அவர்களில் ஐந்து பேர் பாரீசிலும் இரண்டு பேர் ரெயூனியனிலும் இருப்பார்கள். சொல்தா குடும்பங்களில் இது வழக்கமான கணக்கு. நொத்தேர் அலுவலகத்தில் எல்லாருடைய கையெழுத்தும் ஒன்றுசேர்வதற்குள் ஓட்டுச் சாய்ப்பில் ஆலங்கன்று முளைத்துவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. கிடைத்தால் சிமெண்டுக் கொத்தனாரைப்போல் அவசர வேலை செய்யமாட்டார். மாத வாடகை இந்தச் செலவில் ஒரு மூலைக்கும் வராது. 1969இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நினைவு வேறு. குடித்தனக்காரர் ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகமாட்டார் என்ற அச்சம் வீட்டுக்காரர்களின் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. இரவு விருந்தினருக்குக் குடியுரிமை கிடையாது. காலை பதினொரு மணிக்குப் பையோடு போய்விடுவார். எந்த வீட்டுக்காரரும் அவரைத்தான் விரும்புவார்.

இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட பிறகும் நம் கேள்வி அப்படியே நிற்கிறது. வீட்டைக் காப்பாற்ற ஒரே வழி அதில் வாழ்பவரை அகற்றுவதுதான் என்று யார் முடிவுகட்டினார்கள்? வைசியாள் வீதியில் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தின்கீழ், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்னேவ்-சுர்-லோவும் புதுச்சேரியோடு கைகோத்தன. முகப்புச் சீரமைப்புச் செலவின் ஒரு பங்கைத் திட்டம் கொடுத்தது, மறுபங்கை வீட்டுக்காரர் போட்டார். குடியிருந்தவர்கள் குடியிருந்தபடியே தூண்கள் மாற்றப்பட்டன, ஓடுகள் வேயப்பட்டன. அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் அங்கீகாரமும் 2008இல் கிடைத்தது. பாட்டி உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வெளியே தாழ்வாரம் புதுப்பிக்கப்படலாம் என்பதற்கு ஒரு வீதி முழுக்கச் சான்று இருக்கிறது. விருதை எல்லாரும் கொண்டாடினார்கள். அந்த முறையை அடுத்த பத்து வீதிகளுக்குக் கொண்டுபோகப் பணமும் மனமும் வரவில்லை. விடுதிப் பணம் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது.

ஒரு வீடு விடுதியாவதும் ஒரு வீதியே விடுதியாவதும் வேறு வேறு. முதலாவதில் ஒரு வீடு பிழைக்கிறது. இரண்டாவதில் பால்காரர் போகிறார், இஸ்திரி வண்டி போகிறது, மளிகைக்கடை காப்பிக் கடையாகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள். பக்கத்து வீட்டு இரவு வருமானத்தைப் பார்த்த வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்கிறார். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இது நம் கண்முன்னே நடந்தது. அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாகக் கடைவீடுகளின் மாடியில் குடியிருந்தவர்கள் புதிய வாடகையைக் கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபோது, எந்த வாழ்க்கைக்காக அது கிடைத்ததோ அந்த வாழ்க்கை பாதி வெளியேறியிருந்தது. வெனிசு நகரின் பழைய தீவுகளில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கியது. பார்சிலோனாவின் மேயர் 2024 ஜூனில், சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த ஊர்களுக்கு இந்த அறிவு வரச் சில பத்தாண்டுகள் ஆயின. நாம் இன்னும் மஞ்சள் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கிழக்குப் பகுதியில் ஏற்கெனவே குடும்பங்கள் குறைவு. அரசு அலுவலகங்களும், சாம்பலும் வெள்ளையும் பூசிய அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களும், பிரெஞ்சு நிறுவனங்களும் போக மிச்சமிருப்பதைத்தான் விடுதிகள் எடுத்துக்கொண்டன. இப்போது அவை வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருகின்றன. செட்டியார் வீதிகளுக்கும், தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துக்கும் வருகின்றன. மிச்சமிருக்கும் தமிழ் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் யார்? பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கணவனை இழந்து பிள்ளைகளோடு ஒண்டிக்குடித்தனம் இருப்பவர். நூல் வெளியிட வழியில்லாமல் எழுதிக்கொண்டிருப்பவர் ஒருவரும் அவர்களில் இருக்கலாம். கி.ரா. 1989இல் இந்த ஊருக்கு வந்து 2021இல் மறையும்வரை இங்கே வாழ்ந்தார். இலாசுப்பேட்டை அரசுக் குடியிருப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. கரிசல்காட்டு மனிதர் ஒருவரைப் புதுச்சேரிக்காரராக்கியது அந்தச் சாதாரண வீடு. அவருடைய புகழ் பெற்றுத் தந்த வீடு அது. புகழ் வருவதற்கு முன் எழுதுகிறவனுக்கு மாத வாடகைதான் கதி.

இலக்கியக்காரர்கள் வாடகைச் சட்டம் பற்றியும் சுற்றுலா உரிமம் பற்றியும் பேசுவது பொருத்தமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பாரதி வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி வீட்டின் முன்னால் நின்று செப்டம்பரிலும் டிசம்பரிலும் உணர்ச்சிவசப்படுவது பொருத்தமென்றால் இதுவும் பொருத்தமே. அந்த வீடு நினைவு இல்லமாக நிற்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் அது வாடகைக்குக் கிடைத்தது. மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது வசதியான பக்தி.

ஆகவே நம் கோரிக்கைகளைப் புதுச்சேரி நகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் எழுத்தில் கொடுக்க முடிவுசெய்திருக்கிறோம். ஒரு வீதியில் இத்தனை வீடுகளுக்குமேல் இரவு வாடகைக்கு விட உரிமம் தரக்கூடாது என்று வரம்பு வேண்டும். எண்ணிக்கையை அந்தந்த வீதியில் குடியிருப்பவர்களைக் கேட்டு முடிவுசெய்யட்டும். பட்டியலில் உள்ள பழைய வீட்டை மாத வாடகைக்கு விடுபவருக்குச் சொத்துவரியில் தள்ளுபடியும், வைசியாள் வீதியில் கொடுத்ததைப்போல் சீரமைப்புச் செலவில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். விடுதியாகிவிட்ட வீடுகளில் தாழ்வாரத் தடுப்புகளை எடுக்கச் சொல்ல வேண்டும். பொது வழிக்காக அமைந்த நிழலை வளைத்துப்போட யாருக்கும் உரிமை இல்லை. வீட்டின் வரலாற்றைத் தமிழில், கட்டிய குடும்பத்தின் பெயரோடும் சீரமைத்த கொத்தனார், தச்சர்களின் பெயரோடும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். கலவையைக் கலவை என்றே எழுத வேண்டும். அரசின் கையில் இருக்கும் பழைய வீடுகளில் ஒன்றையாவது நினைவு இல்லமாகவோ விடுதியாகவோ ஆக்காமல், எழுதுகிறவர்களுக்குக் குறைந்த வாடகையில், ஆண்டுக்கணக்கில் குடியிருக்கக் கொடுக்க வேண்டும்.

மனுவில் எழுத்தாளர்களின் கையெழுத்துகளை முதலில் திரட்டலாம் என்று நம்மில் சிலர் சொன்னார்கள். அது வேண்டாமென்று முடிவாயிற்று. அந்த வீதிகளில் இன்று மாத வாடகைக்கு இருப்பவர்களின் கையெழுத்து முதலில் வரட்டும். நாம் அதற்குக் கீழே போட்டுக்கொள்கிறோம்.